மூன்றாவது வட்டம்

நிலநடுக்கம் வந்தால் வரைபடத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் போடுவார்கள். நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த நட்சத்திரத்தைப் போட்டு வெளியே அனுப்புவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. பல வருஷமாக நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த வாரம் அதைத் திரையில் பார்த்தபோதெல்லாம் எழுந்து போய் ஓங்கி ஒரு அறை விடலாமா என்று இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நீளப் பள்ளத்தாக்கு. அதன் மேல்கோடியில் சுரங்க ஊர். கீழ்க்கோடியில் ஆற்றங்கரையை ஒட்டி இன்னொரு ஊர். அங்கே இருக்கும் அரசு மருத்துவமனையில் என் அக்கா தலைமை நர்ஸ். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு பஸ்ஸில் போனால் பாதி நாள் போய்விடும். சுரங்க ஊரில் விமானம் இறங்க இடம் உண்டு, பெரிய மனிதர்கள் வந்தால் தங்குவதற்கு மாளிகை உண்டு. அக்காவின் ஊரில் மழை தூறினாலே போன் எடுக்காது.

நிலநடுக்கம் ஒரு காலை வேளையில் வந்தது. பெரியது, இந்தத் தலைமுறை பார்த்திராத அளவுக்குப் பெரியது. கணினி தானாகவே கணக்குப் போட்டு, சுரங்க ஊருக்குப் பக்கத்தில் நட்சத்திரத்தை வைத்தது. அது தப்பில்லை. நிலம் உடைய ஆரம்பித்த இடம் அதுதான். ஆரம்பித்த இடம். இந்த ஒரு வார்த்தையை நாட்டுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், அப்போது என் வீட்டில் இருந்தார். கண்புரை ஆபரேஷனுக்காக வந்தவர். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியும் அதன் மேல் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவும் கூட வந்திருக்க வேண்டியது. "லீவு கேட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறாங்க. உங்க அத்தானை நீயே பார்த்துக்கோ, குட்டி" என்று போனில் சொல்லிவிட்டாள். எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது, அவளுக்கு நான் இன்னும் குட்டிதான்.

செய்தி கேட்டதும் அத்தான் ஆட்டோ பிடித்து நேராக என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வாசல் காவலர் தடுத்ததற்கு, "என் பொண்டாட்டி அங்க இருக்கா, என் மச்சினி இங்க இருக்கா, நான் எங்கய்யா போறது?" என்று சத்தம் போட்டிருக்கிறார். உள்ளே வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை அழுத்த ஆரம்பித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவு செய்த ஒரு பெண் குரல் சொல்லும். அவர் மறுபடி அழுத்துவார். அவள் அதையே சொல்லுவாள்.

சுவரில் இருந்த தொலைக்காட்சியில் சுரங்க ஊரைக் காட்டினார்கள். கண்ணாடி உடைந்த கடைகள், சாய்ந்த ஒரு மதில், மாளிகையின் கூரையில் ஒரு கீறல். செய்தியாளர் ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, "நிலநடுக்கத்தின் மையப் பகுதியில் நிற்கிறேன்" என்று மூச்சு வாங்கினார். அவருக்குப் பின்னால் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. "மையத்துலயே இவ்வளவுதான்னா, நம்ம ஊர்ல ஒண்ணும் இருக்காது இல்லம்மா?"

என் திரையில் பின்னதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. பெரிய அதிர்வுக்குப் பிறகு, உடைந்த பாறை அங்கங்கே இடம் பார்த்து உட்காரும்போது சின்னச் சின்னதாக வருபவை. எங்கே உடைந்ததோ அங்கேதான் அவை வரும். அவை சுரங்க ஊரைச் சுற்றிக் கூட்டமாக வரவில்லை. அங்கே தொடங்கி, பள்ளத்தாக்கு வழியாகவே வரிசையாக இறங்கி, அக்காவின் ஊருக்கு அடியில் வந்து நின்றன. பொதுவாக நான் பதறுகிறவள் இல்லை. அன்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"ஏம்மா, என்ன தெரியுது அதுல?" என்றார் அத்தான்.

மறைத்து என்ன ஆகப் போகிறது? சொன்னேன். பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை, பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அப்படி இரண்டு தட்டுகள் அந்தப் பள்ளத்தாக்குக்கு அடியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நகரப் பார்க்கின்றன. வருஷத்துக்கு ஒரு விரல் அகலம்கூடத் தேறாத நகர்வு. ஆனால் உரசும் இடத்தில் பாறையைப் பாறை கவ்விக்கொண்டு விடுவதில்லை. தட்டு நகர வேண்டும், விளிம்பு விடமாட்டேன் என்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் இந்த இழுபறி. ஒரு நாள் பிடி விட்டுப்போகிறது, அத்தனை காலத்து நகர்வையும் நிலம் ஒரே மூச்சில் நகர்ந்து முடிக்கிறது.

"அது எங்க ஊருக்கு அடியிலயா?"

"ஊரே அதனாலதான் அங்க இருக்கு அத்தான். உரசி உரசிப் பாறை நொறுங்கிப் போயிருக்கும். நொறுங்கின இடமாப் பார்த்துத்தான் ஆறு அரிச்சுக்கிட்டுப் போகும். ஆத்த ஒட்டி ரோடு போட்டாங்க, ரோட்ட ஒட்டி வீடு கட்டினாங்க. எல்லாம் விரிசலுக்கு மேலயேதான் வரிசையா உட்கார்ந்திருக்கு."

"அப்ப இந்த நட்சத்திரம்?"

மேஜை துடைக்கப் பழைய போர்வையைக் கிழிக்கும்போது ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, பிறகு இழுப்போம் இல்லையா, அதைச் சொன்னேன். "கத்தரி வெச்ச இடம்தான் நட்சத்திரம். கிழிசல் அங்கயா நிக்கும்? சர்ருன்னு கடைசி வரைக்கும் ஓடும். ஓடற பக்கம் அதிர்வு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். ஆரம்பத்துல இருக்கிறவனுக்குக் கொஞ்சம்தான். கோடியில இருக்கிறவன்தான் மொத்தத்தையும் வாங்குவான்."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "இதை எங்கிட்ட ஏன் சொல்ற? ஹெலிகாப்டர் அனுப்புறவன்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

எங்கள் இயக்குநருக்கு அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்று பேர். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அதுதான் பதில். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் நல்லவராக இருந்து யாருக்கு என்ன பிரயோசனம் என்று எனக்குத் தெரியாது. பின்னதிர்வுகளைக் குறித்த வரைபடத்தை அவர் மேஜையில் விரித்தேன்.

"சார், அறிவிப்பை மாத்தணும். புள்ளிய எடுத்துட்டு, உடைஞ்ச நீளம் முழுக்க ஒரு கோடு போட்டு அனுப்பணும். மோசமா அடி வாங்கினது கீழ்க்கோடி. மீட்பு எல்லாம் மேல்கோடிக்குப் போயிட்டிருக்கு."

அவர் பொறுமையாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் போலிருக்கு. ஆனா நாம கோடு போட்டு அறிவிப்பு விட்டதே இல்லையே."

"இப்ப விடுவோம் சார்."

"மூணு நிபுணர் கையெழுத்து வேணும். ஒருத்தர் வெளிநாட்டுல கருத்தரங்குல இருக்காரு."

"என்ன கருத்தரங்கு சார்?"

கொஞ்சம் தயங்கினார். "பேரிடர் தயார்நிலை."

சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. "சார், உடைப்பு எவ்வளவு நீளம்ங்கிறதுல சந்தேகம் இருக்கலாம். எந்தப் பக்கம் ஓடிச்சுங்கிறதுல சந்தேகமே கிடையாது. நாளைக்கு நான் சொன்னது தப்புன்னு ஆனா என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. ரெண்டு ஹெலிகாப்டர் சும்மா போயிட்டு வந்ததா இருக்கட்டும், என்ன குடி முழுகிடும்?"

அப்போதுதான் அவர் குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. உங்க அக்கா அங்க இருக்காங்க இல்ல? நாளைக்கு யாராவது, சொந்தக்காரங்களுக்காக அறிவிப்ப மாத்தினாங்கன்னு பேசக் கூடாது பாருங்க. பதற்றத்துல முடிவெடுக்க வேண்டாம். பார்க்கலாம்."

அந்தப் பின்னதிர்வுகள் என் அக்காவின் விலாசம் கேட்டுக்கொண்டா வந்தன? அங்கே யாரும் இல்லாதவளாக இருந்து நான் சொல்லியிருந்தால் இது அறிவியல். அக்கா இருப்பதால் புலம்பல். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "கிளம்புங்க அத்தான்" என்றேன்.

நிவாரணக் கட்டுப்பாட்டு அறை எங்கள் நகரிலேயே, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. உள்ளே சந்தைக்கடை மாதிரி இரைச்சல், வரிசையாகப் போன்கள். நடுவில் பெரிய மேஜை, அதன் மேல் வரைபடம். சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று வட்டங்கள் போட்டிருந்தார்கள். நடு வட்டத்துக்கு ஹெலிகாப்டரும் டாக்டர்களும். இரண்டாவது வட்டத்துக்குக் கூடாரமும் போர்வையும். மூன்றாவது வட்டத்துக்கு, நிலைமையைக் கண்காணிப்பது. அக்காவின் ஊர் மூன்றாவது வட்டத்தின் ஓரத்தில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தது.

"இந்த வட்டத்த எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

பொறுப்பு அதிகாரி கண் சிவந்து, தூக்கமில்லாமல் இருந்தார். "ஏன்? நட்சத்திரத்துல இருந்து தூரத்த வெச்சுத்தான்." பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸ் மூடியும், அதைவிடப் பெரிய ஒரு தட்டும், அதையும்விடப் பெரிய ஒரு தாம்பாளமும் கிடந்தன. மூன்றின் விளிம்பிலும் ஸ்கெட்ச் பேனா மை. கவராயம் கிடைக்கவில்லையாம். நிலம் எங்கே உடைய ஆரம்பித்தது என்பதை எங்கள் கணினி நுணுக்கி நுணுக்கிக் கணக்குப் போட்டது, யாரைக் காப்பாற்றுவது என்பதை டிபன் பாக்ஸ் மூடி முடிவு பண்ணியிருக்கிறது.

என் வரைபடத்தை அதன் மேல் விரித்தேன். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவர் கவனமாகத்தான் கேட்டார். பிறகு சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். ஊர் வாரியாக வந்த போன் அழைப்புகளை அதில் குறித்திருந்தார்கள். சுரங்க ஊருக்கு நேராக இடமே போதாமல் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. அக்காவின் ஊருக்கு நேராக ஒன்றுமில்லை.

"பாருங்கம்மா. அங்க இருந்து ஒரு போன்கூட வரலை. அடிபட்டிருந்தா கூப்பிட மாட்டாங்களா?"

அத்தான் என்னைத் தாண்டி மேஜைக்கு முன்னால் வந்தார். "ஏன் சார், டவர் விழுந்தா எதுல கூப்பிடுவாங்க? சாகப் போறவன் உங்க நம்பரத் தேடிப் பிடிச்சு, லைன் கிடைச்சு, தகவல் சொல்லிட்டுத்தான் சாகணுமா?"

"பெரியவரே, சத்தம் போடாதீங்க."

"சத்தம் போட்டாத்தானே உங்க பலகையில எழுதுறீங்க?"

அதிகாரி என்னிடம் திரும்பி, "உங்க இயக்குநர் கையெழுத்தோட அறிவிப்பு கொண்டு வாங்க, அடுத்த நிமிஷம் அனுப்புறேன். அது இல்லாம வட்டத்த நான் தொட முடியாது" என்றார். இயக்குநர் அதிகாரியின் பக்கம் கைகாட்டுவார், அதிகாரி இயக்குநரின் பக்கம். நடுவில் நின்று நான் பல்லைக் கடித்துக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் இன்னொரு கூத்து. கட்டுப்பாட்டு அறையின் அறிக்கையில் கீழ்ப் பள்ளத்தாக்குக்கு நேராக 'சேதம் பற்றித் தகவல் இல்லை' என்று இருந்தது. தொலைக்காட்சியில் ஓடிய வரியில் அது 'சேதம் இல்லை' என்று ஆகியிருந்தது. நடுவில் இருந்த வார்த்தையை யார் விழுங்கினார்கள் என்று கேட்க ஆள் இல்லை. வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர், "உங்க ஊர் தப்பிச்சுதாமே, டிவியில சொன்னான்" என்று அத்தானுக்கு வாழ்த்தே சொல்லிவிட்டார். அத்தான் சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் அமைச்சரின் பத்திரிகையாளர் கூட்டம் எங்கள் அலுவலகக் கூடத்தில் நடந்தது. இயக்குநர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பின்னால் வெள்ளைப் பலகையில் பெரிய வரைபடம் ஒட்டியிருந்தது, அதே நட்சத்திரத்தோடு. மையப் பகுதியில் சேதம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, நிவாரணம் திட்டமிட்டபடி நடக்கிறது, இயற்கையின் சீற்றத்தை யாராலும் கணிக்க முடியாது என்றெல்லாம் வழவழ கொழகொழ என்று பேசினார்கள். கணிக்க முடியாது, சரி. நடந்து முடிந்ததைப் பார்க்கவுமா முடியாது?

கேள்வி கேளுங்கள் என்றதும் எழுந்தேன். கேள்வி கேட்கவில்லை. நேராக முன்னால் போய் மேஜையில் கிடந்த தடித்த பேனாவை எடுத்து, நட்சத்திரத்திலிருந்து அக்காவின் ஊர் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு இழுத்தேன். எல்லாக் கேமராவும் என் பக்கம் திரும்பின.

"உடைஞ்சது இவ்வளவு நீளம். நீங்க நிக்கிறது இந்த ஆரம்பத்துல. செத்துக்கிட்டு இருக்கிறவங்க இந்த முடிவுல. கீழ்க்கோடியில சேதம் இல்லைன்னு யாரும் பார்த்துட்டு வந்து சொல்லலை, யாரும் போய்ப் பார்க்கலை, அவ்வளவுதான். நான் இந்த அலுவலகத்துலதான் வேலை பார்க்கிறேன். என் அக்கா அந்த ஊர்லதான் இருக்கா. அதையும் எழுதிக்கோங்க, எனக்கு ஒரு வெட்கமும் இல்லை."

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. அமைச்சர் அவரிடம் குனிந்து, "அந்தம்மா சொல்றது உண்மையா?" என்று கேட்டார். மைக் அணைக்காமல் இருந்ததால் நாடே கேட்டது. இயக்குநர் என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் என்னைப் போலக் கருவியைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்தான். "இருக்கலாம்" என்றார். பிறகு, "உண்மைதான்" என்றார்.

அவ்வளவுதான் தேவைப்பட்டது. மூன்று கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை, வெளிநாட்டு நிபுணரும் வேண்டியிருக்கவில்லை. அன்று மதியம் மேகம் விலகியதும் ஹெலிகாப்டர்கள் கீழ்ப் பள்ளத்தாக்குக்குக் கிளம்பின. அனுமதியில்லாமல் ஊடகத்தில் பேசியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோவும் கிளம்பியது. அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்குக் கீழே வைத்தேன்.

அடுத்த நாள் முற்பகலில் என் மேஜை போன் அடித்தது. மீட்புக் குழுவின் சாட்டிலைட் போனிலிருந்து பேசுவதாக ஒரு குரல் சொன்னது. கொஞ்சம் கரகரப்பு, அப்புறம், "குட்டி" என்றாள் அக்கா.

அன்றும் என்னோடு வந்திருந்த அத்தான் ஓடி வந்து, டாக்டர் சொன்ன எதையும் மதிக்காமல், மேஜை மேல் குனிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. கையில சிராய்ப்பு. வெளிய மரத்தடியில வெச்சு வைத்தியம் பார்க்கிறேன். அவரு கண்ணு எப்படி இருக்கு?"

"அவரு நல்லா இருக்காரு. இங்கதான் நிக்கிறாரு. அக்கா, நீ..."

"ஏன் குட்டி, மொத நாளே ஹெலிகாப்டர் வந்துச்சே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "மேகத்துக்கு மேல சத்தம் நல்லாக் கேட்டுச்சு. எங்க தலைக்கு நேர் மேலதான் சுரங்கப் பக்கமாப் போச்சு. ஆஸ்பத்திரி புது பிளாக் அப்படியே உட்கார்ந்துடுச்சு, உள்ள ஆளுங்க இருந்தாங்க. நாங்க தட்டு, வாளி, கிடைச்சதை எல்லாம் எடுத்துத் தட்டினோம், மேல கேக்குமோன்னு. மேல கேக்கலை. ஆனா உள்ள இருந்தவங்களுக்குக் கேட்டுடுச்சு. ஹெலிகாப்டர் வந்துடுச்சுன்னு நினைச்சு, அவங்க பதிலுக்குத் தட்ட ஆரம்பிச்சாங்க. நாங்க கையாலதான் கல்லை எடுத்தோம், எவ்வளவு எடுக்க முடியும்? நேத்து விடியற வரைக்கும் தட்டினாங்கடி."

கதவு திறந்தது. இயக்குநர் வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும், முகமெல்லாம் சிரிப்பு. மனப்பூர்வமான சிரிப்புதான், அதை நான் மறுக்கவில்லை. "அக்கா கிடைச்சுட்டாங்களாமே! ரொம்ப சந்தோஷம். நல்லபடியா முடிஞ்சுது" என்றார்.

நான் ரிசீவரை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அவர் பக்கம் நீட்டினேன். அவர் வேண்டாம் என்று கையசைத்தார், நீங்கள் பேசுங்கள் என்றார். நான் நீட்டியபடியே நின்றேன். வேறு வழியில்லாமல் வாங்கிக் காதில் வைத்தார்.

"அக்கா, சார்கிட்டச் சொல்லு" என்று எட்டி நின்று கத்தினேன். "இப்ப எங்கிட்டச் சொன்னியே, அதையே சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு."

அவள் சொல்லியிருக்க வேண்டும். அவர் "ம்" என்றார். சிரிப்பு முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு போனது. ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உட்காருவதற்கு நாற்காலி இருக்கிறதா என்று பின்னால் துழாவினார். நாற்காலி எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் அதை நகர்த்திக் கொடுக்கவில்லை.